மடி நிறையக் கத்திரிக்காய்

2000-ஆம் ஆண்டு ஜூலை மாதம், சித்தூர் மாவட்டம் நகரி மண்டலத்தைச் சேர்ந்த ஆலங்கண்டிகைக் காலனியின் தமிழ்வழி ஆரம்பப் பள்ளியில் இருபத்து மூன்று பிள்ளைகள் படித்தார்கள்.

அந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மண்டலக் கல்வி அதிகாரி கங்கையா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பள்ளிக்கு ஒரே அறை, ஒரே டீச்சர். அறைக்குள் தலையை நீட்டிப் பிள்ளைகளை விரலால் எண்ணினார். பிறகு அலர்மேல்மங்கையை வாசலுக்குக் கூப்பிட்டுத் தெலுங்கும் தமிழுமாகச் சொன்னார்.

"சூடண்டி மேடம், பாருங்க, ஒளிக்காம சொல்லிடறேன். வர்ற ஜூன்ல கணக்கு எடுப்பாங்க. இருபதுக்குக் கீழ போச்சுன்னா இதை மூடிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற தெலுங்கு ஸ்கூல்ல சேத்துடுவாங்க. உங்களுக்கு ஒண்ணும் நஷ்டம் இல்ல. ட்ரான்ஸ்ஃபர்தான்."

"பசங்களுக்கு?"

"பசங்களுக்கு என்ன? நாலு மாசம் அழுவாங்க. அப்புறம் தெலுங்கு பாகா வந்துடும்."

அப்படி அழுத பிள்ளைகளை அலர்மேல்மங்கை பார்த்திருந்தாள். இந்தப் பள்ளி வருவதற்கு முன்னால் காலனியிலிருந்து தெலுங்குப் பள்ளிக்குப் போனவர்களில் ஐந்தாவதைத் தாண்டியவர்கள் இல்லை என்றே சொல்லலாம். புரியாத பாடத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டு, ஆடு மேய்க்கவோ நகரியில் விசைத்தறிக்கு நூல் சுற்றவோ போனார்கள். அவள் வேலைக்கு வந்த ஆறு வருஷத்தில் மூன்று பிள்ளைகள் இங்கிருந்து புத்தூர் உயர்நிலைப் பள்ளிக்குப் போயிருந்தார்கள். பெரிய சாதனை என்று அவளே சொல்லிக்கொள்ள மாட்டாள். ஆனால் பள்ளி மூடினால் நான்காவது பிள்ளை போகாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

பிள்ளைகள் குறைவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பெற்றோர் செங்கல் சூளைக்கோ திருப்பதியில் கட்டட வேலைக்கோ போகும்போது கூடவே போவது. மற்றொன்று மஞ்சள் வேன். நகரியில் புதிதாகத் திறந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியின் வேன் காலையில் மெயின்ரோட்டில் நின்று ஹாரன் அடிக்கும். போன வருஷம் வரை அது காலனிக்காக நின்றதில்லை. இந்த வருஷம் ஒரு பையனுக்காக நின்றது.

ஆகஸ்டில் சித்தூரில் பயிற்சி போட்டார்கள். அலர்மேல்மங்கை எத்தனையோ பயிற்சிக்குப் போய் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டு வந்தவள். இந்த முறை பயிற்சி கொடுத்தவர் டீச்சர்களையே தரையில் உட்காரவைத்துப் புளியங்கொட்டையைக் கும்பல் கும்பலாகப் பிரிக்கச் சொன்னார். வாய்ப்பாட்டைச் சொல்லித் தராதீர்கள், செய்யவையுங்கள் என்றார். சிரித்துக்கொண்டே பிரித்த அலர்மேல்மங்கைக்கு மூன்றாம் நாள் சிரிப்பு போய்விட்டது. பஸ்ஸில் திரும்பும்போது பள்ளிக்குப் பின்னால் அடிபம்புத் தண்ணீர் வழிந்தோடி வீணாகும் இடத்தையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

அவள் பக்கத்து ஊர்த் தணிகாசலத்தின் மகள். மாந்தோப்பும் கிணற்றுப் பாசனமும் உள்ள குடும்பம். மண்வெட்டி இரண்டு, களைக்கொத்து நாலு, கத்திரி நாற்று ஒரு கூடை என்று அப்பா வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டாள்.

"என்னாம்மா, பள்ளிக்கூடத்துல ஏர் ஓட்டப் போறியா?" என்று கேட்டார் தணிகாசலம்.

"கணக்குப் பாடம்பா."

"அங்க இருக்கறவங்களுக்கு நீ சொல்லித்தான் கத்திரி நடத் தெரியணுமா?" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள்.

கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுப் பிள்ளைகளே பாத்தி அளந்தார்கள். நீளம் நாலு முழம், அகலம் மூன்று முழம். முழத்துக்கு ஒரு கட்டமாகக் குச்சியால் கோடு போட்டு, கட்டத்துக்கு ஒரு நாற்று. நாலாவது படிக்கும் கல்பனா பாத்தியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், சுத்தி அளந்தா பதினாலு முழம் வருது. உள்ள பன்னெண்டு செடிதான் கீது. ரெண்டு எங்க போச்சி?"

"ஆடு துன்னுட்சி" என்றான் பாபு.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கல்பனா சிரிக்கவில்லை. அடுத்த பாத்தியை ஆறுக்கு இரண்டாகப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். போட்டார்கள். அதிலும் பன்னிரண்டு செடிதான் வந்தது. ஆனால் சுற்றளவு பதினாறு. அந்தப் பெண் பாத்தி ஓரத்தில் குந்திக்கொண்டு வெகுநேரம் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரப்பு வேறு, சுற்றளவு வேறு என்பதை அலர்மேல்மங்கை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள். ஒரு பிள்ளைக்கு அது விளங்குகிற கணத்தை அன்றுதான் பார்த்தாள்.

அதன் பிறகு மணி அடிப்பதற்கு முன்னாலேயே பிள்ளைகள் வந்தார்கள். பூச்சி அரித்த இலையை எண்ணினார்கள். கொட்டாங்குச்சியில் தராசு கட்டினார்கள். சூளைக்குப் போன ஒரு குடும்பம் மகனைச் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டுப் போனது. அவன்தான் அடம் பிடித்தானாம். தசராவுக்குப் பிறகு இன்னொரு பிள்ளை சேர்ந்தது. இருபத்து நாலு. ஜூன் மாதத்தைப் பற்றி அலர்மேல்மங்கை நிம்மதியாக நினைக்கத் தொடங்கினாள்.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை முதல் பறிப்பு. மொத்தத்தையும் தராசில் நிறுத்து, ஆளுக்கு எவ்வளவு வரும் என்று பிள்ளைகளே வகுத்தார்கள். வகுத்தது சரி, வாங்கிக்கொள்ள ஏனம் இல்லை. "பாவாடைய புடி, சட்டைய புடி" என்றாள் அலர்மேல்மங்கை. பிள்ளைகள் வரிசையில் நின்று மடியை ஏந்த, அவள் அள்ளி அள்ளிப் போட்டாள்.

அப்போது தெலுங்குப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி கொடுக்கும் சுனில் என்ற பையன் அந்தப் பக்கம் வந்தான். எதிரே இருந்த தெலுங்குப் பள்ளியின் சுவர் இடிந்ததைப் படம் எடுக்க வந்தவன். இதைப் பார்த்ததும் சுவரை மறந்துவிட்டான்.

"மேடம், அப்டியே இருங்க. பாப்பா, பாவாடைய இன்னும் கொஞ்சம் விரி. தலைய குனி. காய பாரு. ஆ, அதான்."

புதன்கிழமை மாவட்டப் பதிப்பில் அரைப் பக்கத்துக்குப் படம் வந்தது. கல்பனா மடியை ஏந்திக் குனிந்து நிற்கிறாள். டீச்சர் மேலிருந்து கத்திரிக்காயைக் கொட்டுகிறாள். பின்னால் பாபு தோளில் மண்வெட்டியோடு நிற்கிறான். மண்ணில் இறங்கிப் பாடம் என்று தெலுங்கில் தலைப்பு. கங்கையா ஸ்கூட்டரில் வந்து, "சால பாகுந்தி மேடம், ரொம்ப நல்லாருக்கு. மேல இருக்கறவங்க எல்லாம் பாத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அலர்மேல்மங்கை படத்தை வெட்டி, கதவில் சோற்றுப் பசையால் ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமை கல்பனா வரவில்லை. சனிக்கிழமை அவளோடு இன்னும் மூன்று பேர் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தாள். திங்கட்கிழமை ஐந்து பேர் இல்லை. மத்தியானம் அடிபம்பில் கல்பனாவின் அம்மா பொன்னியம்மா குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். அலர்மேல்மங்கை அவளிடம் போனாள்.

"என்ன பொன்னியம்மா, கல்பனாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் கீறா." பொன்னியம்மா பம்பு அடிப்பதை நிறுத்தவில்லை. "அவரு அனுப்ப வேணான்னுட்டாரு. திருப்பதிலேர்ந்து கடைக்குப் போன் பண்ணாரு. மொதல்ல பேசவே இல்ல, அழுவறாரு. பேப்பர்ல பாத்தாராம்."

"அழுதாரா? எதுக்கு? அது நல்ல விஷயமாச்சே. கல்பனாவைப் பாராட்டித்தானே போட்டிருக்காங்க."

பொன்னியம்மா குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். சண்டை போடுகிற முகம் இல்லை.

"எங்க மாமியா உங்க அம்மாகிட்ட மடி புடிச்சாங்க டீச்சரம்மா. களை எடுத்துட்டு வந்தா சாயங்காலம் சொத்தக் காய், வெம்பல் எல்லாம் கொட்டுவாங்க. கண்ணாலம் ஆன புதுசுல நானும் புடிச்சேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது, நீங்க அப்ப பாவாட சட்ட போட்டுக்கினு ஊஞ்சல்ல இருப்பீங்க. அன்னிக்கு இவ மடி நெறையக் காயோட 'ம்மா, பாரு'ன்னு ஓடியாந்தா. ஒண்ணும் சொல்லல நான். ஆக்கினேன். துன்னோம். எனக்குத் தொண்டையில எறங்கல."

அலர்மேல்மங்கைக்கு ஞாபகம் இருந்தது. களத்து ஓரம், வரிசையாக நின்ற பெண்கள், அம்மாவின் முறம். பல வருஷம் தினமும் பார்த்த காட்சி. அன்று பிள்ளைகளின் மடியில் காயைப் போடும்போது அவள் நினைவில் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போகிற பொன்னியம்மாவிடம், "அது எல்லாருக்கும் சமமாப் பிரிச்சது" என்றாள். அந்த வார்த்தை அவள் காதுக்கே மொட்டையாகக் கேட்டது.

பொன்னியம்மாவின் கணவன் ஏழுமலை காலனியிலிருந்து முதலில் திருப்பதிக்குப் போனவன். சித்தாளாகப் போய் இப்போது சின்ன மேஸ்திரி. காலனி ஆட்கள் ஏழெட்டுப் பேருக்கு அவன்தான் வேலை பிடித்துக் கொடுப்பவன். அவன் பெண்ணை நிறுத்தினால் அவர்களும் நிறுத்துவார்கள், அவன் அனுப்பினால் அவர்களும் அனுப்புவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அலர்மேல்மங்கை புத்தூரில் பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போனாள்.

அலிபிரிக்குப் போகும் வழியில் லாட்ஜ் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. மூன்றாவது மாடிக்குச் சாரம் கட்டியிருந்தார்கள். வாட்ச்மேன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். ஏழுமலை சாரத்திலிருந்து இறங்கி வந்தான். கையெல்லாம் சிமெண்ட். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்க்கப் போன கை பாதியில் நின்று, அப்படியே இறங்கியது. துண்டு தலையிலேயே இருந்தது.

"வாங்க டீச்சர். மலைக்குப் போறீங்களா?"

"இல்ல ஏழுமலை. உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

"உக்காருங்க."

"நீங்களும் உக்காருங்க."

"ஒரு நாற்காலிதான் கீது" என்று சிரித்தான். இருவரும் நின்றார்கள்.

"கல்பனாவ அனுப்புங்க. உங்க மனசு நோகும்னு நான் நினைக்கல. தப்புதான். ஆனா அந்தப் பொண்ணு மாதிரி யோசிக்கற பிள்ளைய நான் பாத்ததில்ல. பெரிய கிளாஸ் பசங்களுக்கே வராத கணக்கு, தானா கண்டுபிடிச்சா."

"எங்கிட்டயும் சொன்னா. பதினாலு, பன்னெண்டுன்னு ஏதோ சொன்னா. எனக்குப் புரியல. சந்தோசமா இருந்திச்சி." கையிலிருந்த சிமெண்டை நகத்தால் சுரண்டினான். "டீக்கடைல அந்தப் பேப்பரு கெடந்தது டீச்சர். தெலுங்கு எனக்குப் படிக்க வராது, போட்டோ பாக்கப் படிப்பு எதுக்கு? நம்ம பசங்கதான் மொதல்ல பாத்தானுங்க. 'யோவ் மேஸ்திரி, உம் பொண்ணுக்கும் வேலை கெடச்சிடுச்சிய்யா, கூலி வாங்கிக்கினு கீறா பாரு'ன்றான் ஒருத்தன். பேரு தெரியாத ஒரு சித்தூர்க்காரன் கேக்கறான், 'ஆ அம்மா மீ தொரசானியா?'ன்னு. உங்க எஜமானியம்மாவான்னு."

"அது கூலி இல்ல ஏழுமலை. பங்கு. அவங்க வளத்த செடி, அவங்களே வகுத்துக்கிட்ட காய்."

"மண்வெட்டி?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது உங்க ஊட்டு மண்வெட்டி. புடியில தகரம் சுத்தியிருக்கும். எங்க நைனா புடிச்சது. பாபு தோள்ல பாத்ததும் தெரிஞ்சிபோச்சி." குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். "உங்க மேல கோவம் இல்ல டீச்சர். அவ நிக்கற நிலைதான். யாரும் அவளுக்குச் சொல்லித் தரல. ரெண்டு கையால பாவாடைய இப்டிப் புடிச்சி, தலைய குனிஞ்சிக்கினு."

"போட்டோக்காரன் குனியச் சொன்னான்."

"அவன் சொன்னான். இவளுக்கு வந்துச்சே."

மேலிருந்து யாரோ கலவை கேட்டுக் கத்தினார்கள். ஏழுமலை கையைக் காட்டி இருக்கச் சொன்னான்.

"தோட்டத்த எடுத்துடறேன்" என்றாள் அலர்மேல்மங்கை. "நாளைக்கே எடுத்துடறேன். உள்ள உக்கார வச்சே சொல்லித் தரேன். இங்கிலீஷும் சொல்லித் தரேன். அந்த வேன் ஸ்கூல்ல இவளுக்குப் புரியாத பாஷையில கத்தவைப்பாங்க. நாலாவது படிக்கற பொண்ண ரெண்டாவதுல உக்கார வைப்பாங்க."

"ரெண்டாவதுன்னுதான் சொன்னாங்க. தை மாசம் சேத்துக்கறாங்களாம்."

"ரெண்டு வருஷம் வீணாப் போகும்."

"போவட்டும். பெஞ்சில உக்காருவா இல்ல?" பிறகு உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவன்போலக் கேட்டான். "உங்க பையன் எங்க படிக்கறான் டீச்சர்?"

"புத்தூர்ல."

"இங்கிலீஷ் மீடியமா?"

"ஆமா."

"அங்க தோட்டம் கீதா?"

"இல்ல" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். ஜெயித்துவிட்ட முகம் இல்லை. அவளுக்காக வருத்தப்படுகிறவன்போல இருந்தது. டீ வாங்கிவர ஒரு பையனை அனுப்பினான். அவள் குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்றான்.

"ஊட்ல அழுதுகினுதான் கீறாளாம். செடிக்குத் தண்ணி ஊத்தணும்னு. அதான் டீச்சர் எனக்கு பயமே. புடிக்காம செஞ்சிருந்தான்னா வுட்டிருப்பேன். அவளுக்குப் புடிச்சிப்போச்சி."

பஸ் ஏற்றிவிடக் கூடவே வந்தான். கண்டக்டரிடம் புத்தூரில் பார்த்து இறக்கச் சொன்னான்.

திங்கட்கிழமை அலர்மேல்மங்கை கதவில் இருந்த படத்தைத் தண்ணீர் தெளித்துச் சுரண்டி எடுத்தாள். மண்வெட்டிகளை அப்பா வீட்டுக்கு அனுப்பினாள். புத்தூரில் பெஞ்சுகள் கேட்டுப் பார்த்தாள், கிடைக்கவில்லை. ஆங்கில எழுத்துப் படங்கள் போட்ட அட்டையை வாங்கி ஆணியில் மாட்டி, பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து அவர்களோடு சேர்ந்து கத்தினாள். தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கட்டும் என்று ஜன்னலைத் திறந்துவைத்தாள்.

"டீச்சர், இன்னிக்குத் தோட்டம் இல்லியா?" என்று பாபு கேட்டான்.

"இல்ல."

"நாளைக்கு?"

"புத்தகத்த பாருடா."

மூன்றாம் நாளிலிருந்து பிள்ளைகள் மணி அடித்த பிறகு வந்தார்கள். சிலர் வரவில்லை. தோட்டத்தால் நின்ற பிள்ளைகள் திரும்பவில்லை. சித்தப்பா வீட்டில் விடப்பட்டிருந்தவனின் அம்மா பொங்கலுக்கு வந்தவள், பள்ளிக்கே நேரில் வந்தாள்.

"செடிக்குத் தண்ணி ஊத்தணும்னுதான் இங்கயே கெடக்கறேன்னான். அது இல்லன்றான் இப்ப. ஏபிசிடி கத்தறதுக்கு அவன எதுக்கு ஊரான் ஊட்ல விடணும்? சூளைக்கே இட்டுக்கினு போறேன்."

"திரும்பவும் போடறேம்மா தோட்டத்த" என்று வாய்வரை வந்தது. வெளியே காலனித் தெருவில் பொன்னியம்மா போய்க்கொண்டிருந்தாள். அலர்மேல்மங்கை சொல்லவில்லை.

அந்த வாரமே கங்கையா ஜீப்பில் வந்தார். கூட வெளியூர் அதிகாரிகள் இரண்டு பேர். பத்திரிகையில் பார்த்த பள்ளியை நேரில் காட்ட அழைத்து வந்திருந்தார். பின்பக்கம் போனவர் நின்றுவிட்டார். பாத்திகளில் ஆடு கடித்த வெறும் தண்டுகள் இருந்தன.

"மேடம், தோட்டம் எக்கட?"

"எடுத்துட்டேன் சார்."

"எந்துக்கு?"

காலனியில் பிடிக்கவில்லை என்றாள். ஏன் பிடிக்கவில்லை என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார். அவள் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். மடி என்ற இடத்துக்கு வந்ததும் அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நிறுத்தினாள். இந்த ஜனங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் மேடம், விழிப்புணர்வுக் கூட்டம் போடுங்கள் என்றார் அவர். கூட்டம் போட்டாள். பாபுவின் தாத்தாவும் இரண்டு கைக்குழந்தைக்காரிகளும் வந்தார்கள்.

மார்ச்சில் ஒரு காலை அவள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மெயின்ரோட்டில் மஞ்சள் வேன் நின்றிருந்தது. காலனிப் பிள்ளைகள் ஆறு பேர் கழுத்தில் டையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். கல்பனா கடைசியாக நின்றாள். கருப்பு ஷூ பெரிதாக இருந்தது. நடக்கும்போது குதிகால் கழன்றது.

"குட் மார்னிங் மிஸ்" என்றாள்.

"நல்லா படிக்கறியா?"

"எஸ் மிஸ்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்க கணக்கு ரொம்ப ஈசி டீச்சர். நான்தான் ஃபஸ்ட்டு. ஒன்னு, ரெண்டு எழுதறதுதான்" என்றாள்.

டிரைவர் ஹாரன் அடித்தான். பொன்னியம்மா மகளின் முதுகில் கைவைத்து ஏற்றிவிட்டாள். அலர்மேல்மங்கையைப் பார்த்து, வழக்கம்போலத் தலையை அசைத்தாள்.

2001 ஜூன் கணக்கெடுப்பில் ஆலங்கண்டிகைத் தமிழ்வழிப் பள்ளியில் பதிமூன்று பிள்ளைகள் இருந்தார்கள். ஆகஸ்டில் பள்ளி மூடப்பட்டது. அலர்மேல்மங்கை சத்தியவேடு மண்டலத்துக்கு மாற்றப்பட்டாள். பதிமூன்று பேரில் எட்டுப் பேர் தெலுங்குப் பள்ளியில் சேர்ந்தார்கள். தசரா விடுமுறைக்குப் பிறகு அவர்களில் பாபு உட்பட ஐந்து பேர் போகவில்லை.